தொண்ணூறாம் நாள் ஊசி

சகாயராஜின் முன்னால் யாரும் அழக்கூடாது என்பதுதான் டாக்டர் பானு சொன்ன முதல் நிபந்தனை. சண்டை போடக்கூடாது, சாவுச் செய்தி சொல்லக்கூடாது, டி.வி.யில் விபத்துக் காட்சி ஓடக்கூடாது என்பதெல்லாம் அதற்கப்புறம் வந்தன. ஜெசிந்தா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பதினேழு பக்க ஒப்புதல் படிவம் மடியில் கிடந்தது. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"புரியாம கையெழுத்துப் போட்டுடாதீங்கம்மா," என்றார் டாக்டர். "நான் ஒரு தடவை சொல்றேன். அப்புறம் நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லணும்."

"சொல்லுங்க டாக்டர்."

"மூளையில இருக்கிற ஒவ்வொரு நரம்பு செல்லுக்கும் கிளை உண்டு. அந்தக் கிளை இன்னொரு செல்லைப் போய்த் தொட்டாத்தான் நமக்கு நடை, பேச்சு, பயம் எல்லாம். செல்லுக்குள்ளயே ரெண்டு வகைப் புரதம் இருக்கு. ஒண்ணு கிளையை வளரச் சொல்லும். இன்னொண்ணு போதும், நில்லுன்னு சொல்லும். கைக்குழந்தைக்கு முதல் வகை ஜாஸ்தி. அதனாலதான் எதைப் பார்த்தாலும் அதுக்கு ஒட்டிக்கிது. வயசாக ஆக ரெண்டாவது கை ஓங்கிடும். உங்க வீட்டுக்காரருக்கு அடிபட்ட இடத்தில கிளையெல்லாம் போயிடுச்சு. புதுசா வளரப் பார்த்தாலும் அந்த நிறுத்துற புரதம் விட மாட்டேங்குது."

"மருந்து அதை என்ன பண்ணும்?"

"தொண்ணூறு நாளைக்குத் தூங்க வைக்கும். கை வரும், கால் வரும், பேச்சு வரும். ஆனா ஒண்ணு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அடிபட்ட இடத்தில மட்டும் வளருன்னு அதுகிட்ட சொல்ல நமக்கு வழி தெரியாது. மூளை முழுக்க வளரும். வெளிய நாப்பத்திரண்டு வயசு ஆம்பளை, உள்ள ரெண்டு வயசுக் குழந்தை. சிமெண்டுத் தரை போட்ட அன்னைக்கு நாய் நடந்து போனா என்ன ஆகும்?"

"தடம் அப்படியே நின்னுடும்."

"அவ்வளவுதான். தொண்ணூறாம் நாள் இன்னொரு ஊசி. நிறுத்துற புரதம் முழிச்சுக்கும். அன்னைக்கு உள்ள என்ன இருக்கோ அதுதான் கடைசி வரைக்கும்."

ஜெசிந்தா எல்லாவற்றையும் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவள் தொழில் அப்படி. பதினோரு வருஷமாக ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். எதிர்முனையில் ஒருத்தர் பெற்ற பிள்ளையைக் கிணற்றிலிருந்து தூக்கிக் கரையில் கிடத்திவிட்டு அலறுவார். இவள், "பதட்டப்படாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன், மெதுவா மூச்சு விடுங்க, இடத்தைச் சொல்லுங்க," என்பாள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், குரல் மட்டும் தண்ணீர்ப் பானை மாதிரி குளிர்ந்திருக்கும்.

"அவர்கூட வேலை பார்த்த பையன் செத்தது அவருக்குத் தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாது. அன்னைக்குக் காலைல இட்லி சாப்பிட்டது வரைக்கும்தான் ஞாபகம் இருக்குங்கிறார்."

"தெரிய வேண்டாம். தொண்ணூறு நாள் கழியட்டும்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

செத்தவன் பெயர் முருகானந்தம். இருபத்தொன்பது வயது. திருச்சியின் தென்பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் தனியார் கம்பெனியில் சகாயராஜ் லைன்மேன். முருகானந்தம் அவருக்குக் கீழே. நான்கு மாதத்துக்கு முன் ஒரு கம்பத்தில் பழுது பார்க்கப் போனார்கள். கம்பியில் மின்சாரம் இருந்தது. முருகானந்தம் மேலேயே கருகிவிட்டான். ஏணியில் பாதி ஏறியிருந்த சகாயராஜ் தூக்கி எறியப்பட்டு, சாக்கடைச் சுவரில் தலை மோதிக் கிடந்தார். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று துணைமின்நிலையம் சொல்வதற்கு முன்பே முருகானந்தம் அவசரப்பட்டு ஏறிவிட்டான் என்று கம்பெனி எழுதி வைத்தது. நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வலது கையும் காலும் விளங்காமல், பாதி வார்த்தையில் நின்று, எச்சில் ஒழுக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

பாலக்கரை வீட்டை ஜெசிந்தா சலித்துப் புடைத்துச் சுத்தம் செய்தாள். டி.வி.யைக் கழற்றிப் பரணில் போட்டாள். தெருப்பக்க ஜன்னலுக்குக் கனமான திரை தைத்தாள். பதினொரு வயது மகள் ஃபெமினாவை மணப்பாறையில் தங்கை வீட்டில் விட்டாள். குழந்தைக்கு மறைக்கத் தெரியாது. அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டால்?

முதல் ஊசி போட்டுப் பத்து நாள்வரை ஒன்றும் தெரியவில்லை. பதினோராம் நாள் வலது கட்டைவிரல் அசைந்தது. பதினைந்தாம் நாள், "ஜெசி, தண்ணி," என்றார், முழுசாக. அவள் அடுக்களைக்குப் போய் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு தண்ணீரோடு வந்தாள்.

பத்தொன்பதாம் நாள் குக்கர் விசில் அடித்தது. ஏதோ யோசனையில் அடுப்பைக் குறைக்க மறந்துவிட்டாள். சகாயராஜ் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார். அதற்குப் பிறகு தெருமுனையில் ஐஸ்காரன் ஊதினாலும் அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஒரே ஒரு விசில்தான். ஜெசிந்தாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. டாக்டர் சொன்னது எல்லாம் அதுவரை வார்த்தையாக இருந்தது. இப்போது கண்ணெதிரே நின்றது. குக்கரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பானையில் வடித்தாள்.

அதிலிருந்து அவளுக்கு எல்லாமே பயம். தெருவில் சவ ஊர்வலம் வந்தால் தப்பு மேளச் சத்தம் கேட்காமலிருக்க மிக்ஸியில் வெறும் தண்ணீரை ஓடவிட்டாள். அவருக்கு முன்னால் சமையலறைக் கத்தியைக் கையில் எடுக்கவே யோசித்தாள். கையை வெட்டிக்கொண்டு 'ஆ' என்றுவிட்டால் அந்த 'ஆ' அவருக்குள் போய் உட்கார்ந்துவிடும். உள்ளே எது நடந்தாலும் அவள் முகம் சிரித்தது. குரல் குளிர்ந்தது. "ஒண்ணுமில்லைங்க. மெதுவா. நான் இங்கதான் இருக்கேன்."

பயிற்சிகள் அவள்தான் கொடுத்தாள். நாலு கோடு நோட்டு வாங்கி, மேல் வரியில் அவள் எழுத, கீழே அவர் பார்த்து எழுதுவார். அ, ஆ, அம்மா, ஆடு. இரண்டு வாரத்தில் முழு வாக்கியம் எழுதினார். அவர் கண்கள் எப்போதும் அவள் மேலேயே இருந்தன. வாய் அசைவதை, கை அசைவதை, மூச்சு வாங்குவதைக்கூட விடாமல் பார்த்தார். கைக்குழந்தை தாயைப் பார்க்கும் பார்வை. அது அவளுக்கு இனித்தது. ஆனாலும் அவருக்கு முன்னால் ஒவ்வொரு அசைவையும் யோசித்தே செய்தாள்.

முப்பத்தெட்டாம் நாள் முருகானந்தத்தின் மனைவி அம்சவல்லி வந்தாள். ஜெசிந்தா கதவை ஒருக்களித்துத் திறந்து, தானே வெளியே போய் நின்றுகொண்டாள்.

"அக்கா, அண்ணனுக்குப் பேச்சு வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன். ஒரே ஒரு வார்த்தை. அவரு தானா ஏறினாரா, இல்லையா. அது மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்."

"அவருக்கு எதுவும் ஞாபகம் இல்ல அம்சா."

"எல்லாரும் என் வீட்டுக்காரர் குடிச்சுட்டு ஏறினாருங்கிறாங்கக்கா. அவரு குடிக்கவே மாட்டாரு. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா. ஆனா இப்ப அவரைக் கேட்டா அது அவருக்குள்ள நிரந்தரமாத் தங்கிடும். டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கோ."

அம்சவல்லி திரும்பிப் போனாள். ஐம்பத்தைந்தாம் நாள் மறுபடி வந்தாள். எழுபத்தொன்பதாம் நாள் மூன்றாம் முறை வந்தபோது அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. கம்பெனி விசாரணை, தொண்ணூற்று ஐந்தாம் நாளில்.

"நீங்க சொன்ன கணக்குப்படி அதுக்குள்ள முடிஞ்சிடும்லக்கா. அன்னைக்கு அண்ணன் வருவாரா?"

"வருவார்," என்றாள் ஜெசிந்தா, அதே குரலில். அவர் வருவாரா என்று அவளுக்குத் தெரியாது. அவர் வரக்கூடாது என்றுகூட மனதில் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை அவள் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பி வந்தபோது சகாயராஜ் நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஜெசி?"

"கேபிள்காரர்."

அவர் மெல்லச் சிரித்தார். "சரி."

இடையில் ஒரு நாள் ஃபெமினாவிடம் ஃபோனில் பேச டாக்டர் அனுமதித்தார். இரண்டு நிமிஷம் பேசிவிட்டு ஃபோனை ஜெசிந்தாவிடம் கொடுத்தார் சகாயராஜ்.

"அம்மா, அப்பா ஏன் உன்னை மாதிரியே பேசறாரு?" என்றாள் மகள்.

"எப்படி?"

"தெரியல. ஆபீஸ்ல பேசுவியே, அது மாதிரி. அப்பா ஃபோன்ல பேசினா பக்கத்து வீடு வரைக்கும் கேக்குமே. சிரிக்கவே இல்லம்மா."

"உடம்பு தேறிட்டு வர்றார்ல, அதான்," என்று சமாளித்தாள். மகளை ஏமாற்றியதாக அவள் நினைக்கவில்லை. அவளே அதைத்தான் நம்பினாள்.

அடிபடுவதற்கு முன் சகாயராஜ் சத்தமில்லாமல் இருக்கும் ஆளே அல்ல. சிரித்தால் தெரு திரும்பிப் பார்க்கும். யார் வீட்டுக் கல்யாணத்திலும் பெண்ணை அனுப்பிவைக்கும்போது முதலில் அழுவது இவர்தான். வாயைத் திறந்து, மூக்கு ஒழுக, ஊருக்கே கேட்கும்படி அழுதுவிட்டு, இரண்டே நிமிஷத்தில் பந்தியில் போய் உட்காருவார். மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது. சீட்டாட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்தே எதிராளி சீட்டைச் சொல்லிவிடுவான்.

எண்பத்தேழாம் நாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தார். தானே, யார் துணையும் இல்லாமல். ஜெசிந்தா மேஜையைத் துடைக்கும்போது நோட்டைப் புரட்டினாள். நடுப்பக்கம் ஒன்றில் அவள் கையெழுத்து இருந்தது. மேல் வரியில் மட்டுமல்ல, பக்கம் முழுக்க. தான் எப்போது இவ்வளவு எழுதினோம் என்று குழம்பினாள். ழ-வின் வாலைச் சற்று நீட்டிவிடுவது, ஒற்றுப்புள்ளியைச் சின்ன வட்டமாகச் சுழிப்பது, எல்லாம் அவளுடையதே. படித்தாள்.

'அன்றைக்கு முருகானந்தம் பச்சைச் சட்டை போட்டிருந்தான். பத்தே முக்காலுக்குத் துணைமின்நிலையத்துக்கு ஃபோன் போட்டேன்.'

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மீதியையும் படித்தாள். கடைசியில் தேதி போட்டிருந்தது. கணக்கிட்டாள். அறுபத்திரண்டாம் நாள்.

சகாயராஜ் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு," என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. எண்பத்தேழு நாளில் முதல் தடவையாக.

"பதட்டப்படாத ஜெசி," என்றார் அவர். "மெதுவா மூச்சு விடு. நான் இங்கதான இருக்கேன்."

அது அவள் குரல். ஆண் தொண்டையிலிருந்து வந்தது என்பது தவிர, ஏற்ற இறக்கம், இடையில் விடும் இடைவெளி, எல்லாம் அவள்தான்.

"எப்பலேர்ந்து ஞாபகம் இருக்கு?"

"அம்பது நாள் இருக்கும். அம்சா முதல் தடவை வந்தப்ப ஜன்னலோரம் அவ குரல் கேட்டுச்சு. அப்பக் கொஞ்சம் வந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீதான் பயந்துட்டு இருந்தியே. வாயால சிரிப்ப, என் தோள்ல வைக்கிற கை ஐஸா இருக்கும். சொன்னா நீ தாங்க மாட்டேன்னு தோணுச்சு." அவர் துண்டை மடித்துக் கொடியில் போட்டார். "எப்படி மறைக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. உன்னைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

எந்தப் பயமும் அவருக்குள் ஏறிவிடக் கூடாது என்று அவள் காவல் காத்திருந்தாள். பயம் ஏறவில்லை. அதை மூடி வைத்த மூடி ஏறியிருந்தது. இன்னும் மூன்று நாளில் அது இறுகிவிடும். அப்புறம் இந்த மனிதருக்குப் பசியா, வலியா, துக்கமா என்று அவர் முகத்தைப் பார்த்து இந்த வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அவர் பார்க்கட்டும் என்றே அழுதாள். ஆனால் அவர் அவளருகே உட்கார்ந்து, வலது கையால் முதுகைத் தடவி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றுகொண்டிருந்தார். அவள் அழுகை அவரிடம் ஒட்டவில்லை. அதைத் தேற்றும் வேலையைத்தான் அவர் எண்பத்தேழு நாளாகப் படித்திருந்தார்.

சற்று நேரம் கழித்து அவர் சொன்னார்: "என்னை அம்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"ஊசி போட்டதும் போலாம். மூணே நாள்."

"இல்ல. அதுக்கு முன்னாடி."

"ஐயோ, வேண்டாங்க. அவ என்ன சொல்வாளோ, எப்படிக் கத்துவாளோ. அது உங்களுக்குள்ள அப்படியே நின்னுடும். சாகற வரைக்கும்."

"அதுக்காகத்தான் முன்னாடி போகணும்ங்கிறேன். ஊசி போட்டுக்கிட்டுப் போனா நான் எல்லாரையும் மாதிரி ஆயிடுவேன் ஜெசி. கொஞ்ச நாள் வருத்தப்படுவேன். அப்புறம் ஆறிடும். அது ஆறக்கூடாது."

அவர் இதையும் நிதானமாகத்தான் சொன்னார். விலாசம் சொல்வது போல. ஜெசிந்தா இரண்டு முறை டாக்டருக்கு ஃபோன் போட எடுத்தாள். இரண்டு முறையும் வைத்துவிட்டாள். டாக்டர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அது சரியாகத்தான் இருக்கும் என்றும் தெரியும்.

மறுநாள் பத்து மணிக்கு ஆட்டோவில் பொன்மலைப்பட்டிக்குப் போனார்கள். அம்சவல்லியின் வீடு மாடியில் ஒற்றை அறை. பதினாறு படி. சகாயராஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அடிபட்ட பிறகு அவர் ஏறும் முதல் மாடிப்படி. கதவைத் திறந்த அம்சவல்லி அவரைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுவரில் முருகானந்தத்தின் படம். மாலை காய்ந்திருந்தது.

சகாயராஜ் உட்காரவில்லை.

"அன்னைக்குப் பத்தே முக்காலுக்கு ஃபோன் போட்டேன் அம்சா. கரண்டை ஆஃப் பண்ணியாச்சான்னு கேட்டேன். 'ஒரு நிமிஷம்'னாங்க. அதோட லைன் கட் ஆயிடுச்சு. நான் திரும்பப் போடல. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. முருகானந்தம், 'என்னண்ணே, ஆஃப் பண்ணிட்டாங்களா'ன்னு கேட்டான். 'பண்ணிட்டாங்க, ஏறு'ன்னு சொன்னேன். அவனா ஏறல. நான் சொல்லித்தான் ஏறினான். குடிக்கல. மத்தியானம் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், நீ சுறாப்புட்டு செய்யறேன்னு சொன்னதாச் சொன்னான். விசாரணையில இதை அப்படியே சொல்லிடறேன்."

அம்சவல்லி சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். முகம் சாம்பலாகியிருந்தது.

"எப்படிண்ணே?" என்றாள் கடைசியில். "எப்படி இதை இப்படிச் சொல்றீங்க? பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி? உங்களை அவரு அண்ணே அண்ணேன்னு சுத்தினாரு. ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே உங்க கண்ணுல?"

"அம்சா, அது அவர் குரல் இல்ல," என்று ஜெசிந்தா குறுக்கே வந்தாள். "அது என்னோடது. நான்தான் அவரை அப்படி..."

"நீங்க பேசாதீங்கக்கா!" அம்சவல்லி கத்தினாள். "மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் இதே மாதிரி பேசித்தான் என்னை அனுப்பினீங்க. அவரு மேல பழி ஏறிட்டே இருந்துச்சு. நீங்க பொத்தி வச்சீங்க!"

ஜெசிந்தா அந்த நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

அம்சவல்லி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவள் அழுத விதம் ஜெசிந்தா இதுவரை எங்கும் பார்த்ததில்லை. பதினோரு வருஷத்தில் எத்தனையோ அழுகையைக் காதால் கேட்டவள்தான். இவள் வாயைத் திறக்கவில்லை. இடது கை முஷ்டியை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். மூச்சு மூன்று முறை உள்ளே இழுபட்டு மூன்று முறையும் பாதியில் அறுந்தது. பிறகு மூடிய உதட்டுக்குப் பின்னாலிருந்து மெல்லிய, நீளமான ஒரு ஒலி. எங்கோ ஒரு கதவின் கீல் அசைவது போல.

சகாயராஜ் மெதுவாக அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். குனிந்து அவளைப் பார்த்தார். கண் இமைக்கவில்லை. அவர் உதடுகள் லேசாக அசைந்தன. இடது கை, தன்பாட்டில் மூடி முஷ்டியாயிற்று.

ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து, அவர் தோளைப் பிடித்து இழுத்து, 'வாங்க, போகலாம்' என்று சொல்ல அவள் உடம்பு எல்லாம் துடித்தது. பாதி எழுந்தும்விட்டாள். அம்சவல்லி தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஜெசிந்தா அப்படியே உட்கார்ந்தாள். கிளம்பும்போது அம்சவல்லி வாசல்வரை வரவில்லை. "விசாரணைக்கு வந்துடுங்க," என்றாள், அவ்வளவுதான்.

ஆட்டோ மேம்பாலம் ஏறும்போது அது தொடங்கியது. சகாயராஜின் இடது முஷ்டி விலாவுக்குக் கீழே போய் அழுந்தியது. மூச்சு மூன்று முறை இழுபட்டு அறுந்தது. உதட்டுக்குப் பின்னாலிருந்து அந்த ஒலி வந்தது. கண்ணீர் கொட்டியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

அவர் அழுகிறார் என்பதில் ஜெசிந்தாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த கணமே வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருஷமாக அவள் கேட்டுப் பழகிய, வாய் திறந்து ஊரைக் கூட்டும் அழுகை இது இல்லை. அது சாக்கடைச் சுவரில் மோதியபோதே போய்விட்டது போலும். தனக்கென்று அழுகை ஒன்று இல்லாமல் இருந்தவர், கிடைத்த இடத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறாம் நாள் டாக்டர் பானு சோதனைகளைச் செய்துவிட்டு வலது கையை மடக்கச் சொல்லி, விரிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி மகிழ்ந்துபோனார். பிறகு படிவத்தைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்: இந்தக் காலத்தில் நோயாளிக்கு முன்னால் துயரமான சம்பவம் ஏதாவது நடந்ததா?

ஜெசிந்தா நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்க இரண்டு இடத்தில் நிறுத்தவேண்டி வந்தது.

டாக்டருக்கு முகம் வெளிறியது. "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? எண்பத்தேழு நாள் கண்ணுல வச்சுப் பார்த்துட்டு, கடைசி மூணு நாள்ல..." எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். "சரி. ஊசியை ஒரு மாசம் தள்ளிப் போடலாம். எங்க திட்டத்தில அதுக்கு இடம் இருக்கு. பொண்ணை வரச் சொல்லுங்க, சந்தோஷமா இருங்க. புதுக் கிளை வளர்ந்து இது மங்கிடும். அதுவரைக்கும் எந்த விசாரணைக்கும் போக வேண்டாம்னு நான் எழுதித் தர்றேன்."

ஜெசிந்தாவின் மனம் தாவியது. ஒரு மாதம். ஃபெமினா ஓடிவந்து அவர்மேல் விழுவாள். வீட்டில் சிரிப்புக் கேட்கும். விசாரணை தள்ளிப்போகும், வேலை தப்பினாலும் தப்பும், கேஸ் வராமலும் போகலாம். 'சரி டாக்டர்' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். அவள் கணவரைப் பார்த்தாள்.

அவர் இடது கைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் ஒவ்வொரு மடிப்பையும் பொறுமையாக மடித்தன. முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, கையை மேஜைமேல் நீட்டி வைத்தார்.

"மங்க வேண்டாம் டாக்டர்," என்றார். "போடுங்க."

டாக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் பேனாவை எடுத்தாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. ஆனாலும் போட்டாள்.

ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் கூடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். சுற்றிலும் வேறு நோயாளிகள், அவர்களைச் சேர்ந்தவர்கள். சகாயராஜ் கைமேல் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்மணி நேரம் சும்மாதான் இருந்தார். பிறகு பஞ்சு தரையில் விழுந்தது. முஷ்டி விலாவுக்குக் கீழே போனது. மூச்சு மூன்று முறை அறுந்தது.

கூடத்தில் பேச்சு நின்றது. ஜெசிந்தா நாற்காலியை அவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு அந்த ஒலியைக் கேட்டாள். இனிமேல் வீட்டில், மகளின் கல்யாணத்தில், தன் சாவில்கூட இதுதான் கேட்கும் என்று நினைத்தாள்.

நர்ஸ் ஓடிவந்தாள். "என்னம்மா ஆச்சு? வலிக்குதா அவருக்கு?"

"ஆமா," என்றாள் ஜெசிந்தா.